லைசோசோம் கதவு: நீமன்-பிக் டைப் சி வியாதில கொழுப்பு எங்க மாட்டிக்குது

லைசோசோம்னா செல்லுக்குள்ள வர சரக்க வெட்டி பிரிக்கற ஒரு குட்டி பை, வெட்டற வேலைய செய்யறது என்சைம்ங்கற புரோட்டீனுங்க. லைசோசோம் வியாதின்னு யார் பேச ஆரம்பிச்சாலும் அடுத்த வார்த்தை என்சைமா தான் இருக்கும். கோஷே வியாதியா, ஒரு என்சைம் இல்ல. பாம்பெயா, இன்னொரு என்சைம் இல்ல. அத வெளியில தயார் பண்ணி டிரிப்ஸ்ல ஏத்தினா சமாளிக்கலாம், விலைய கேட்டா தான் தலை சுத்தும். இதெல்லாம் சரி தான், ஆனா பாதி கதை. என்சைம் எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சு, வெட்ட வேண்டியத வெட்டி முடிச்ச அப்புறமும் லைசோசோம் ரொம்பி வழியற வியாதிங்க இருக்கு. அங்க கோளாறு அந்த பையோட சவ்வுல, வெட்டின சரக்க வெளிய அனுப்புற கதவுல. அந்த வகையில ரொம்ப நாளா என் மண்டைய குடையறது நீமன்-பிக் டைப் சி, அப்பா அம்மா வழியா வந்து மூளைய அடிக்கற ஒரு வியாதி. அத வெச்சே இத சொல்லிடலாம்னு பாக்குறேன்.

முதல்ல லைசோசோம எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு பாத்தா இந்த சவ்வு விஷயம் தன்னால புரியும். பெல்ஜியத்துல லூவன் ஊர்ல கிறிஸ்தியான் டி டூவ் எலியோட ஈரல அரைச்சு அதுல இருக்கற என்சைம்கள அளந்துட்டு இருந்தார். ஆசிட் பாஸ்பட்டேஸ்னு ஒண்ணு, அது வர வேண்டிய அளவுல பத்துல ஒரு பங்கு தான் வந்துச்சு. சரி ஏதோ சொதப்பிட்டோம்னு மிச்சத்த ஃப்ரிட்ஜுல வெச்சுட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு அதே கலவைய எடுத்து அளந்தா முழு அளவும் இருக்கு. என்சைம் எங்கயும் போகல, ஏதோ ஒரு பைக்குள்ள அடைஞ்சு கிடந்திருக்கு, ஃப்ரிட்ஜுல கிடந்ததுல பை கிழிஞ்சு வெளிய வந்திருக்கு. அந்த பைக்கு 1955ல லைசோசோம்னு பேர் வெச்சார், 1974ல நோபல் வந்துச்சு. யோசிச்சு பாருங்க, இப்படி ஒரு உறுப்பு செல்லுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சதே அதோட சவ்வால தான், ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் எல்லாரும் உள்ள இருக்கற என்சைமயே பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கும் காரணம் இருக்கு. அதே லூவன்ல அன்றி-ஜெரி ஹெர்ஸ் 1963ல பாம்பெ வியாதிக்கு காரணம் ஒரு லைசோசோம் என்சைம் இல்லாததுன்னு காட்டினார், அந்த ஃபார்முலா அடுத்தடுத்து பல வியாதிக்கு பொருந்திடுச்சு.

சவ்வு சும்மா ஒரு பாலிதீன் பை கிடையாது. உள்ள பிஹெச் (புளிப்போட அளவு, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 4.5ல இருந்து 5 வரைக்கும், வெளிய செல்லோட சாறு 7.2 கிட்ட, இந்த வித்தியாசத்த காப்பாத்த சவ்வுலயே ஒரு பம்ப் ராத்திரி பகலா புரோட்டான உள்ள தள்ளிட்டே இருக்கும். உள்பக்க சுவர்ல லாம்ப்1, லாம்ப்2ன்னு சர்க்கரை சங்கிலி அடர்த்தியா முளைச்ச புரோட்டீனுங்க, அது ஒரு பூச்சு மாதிரி நின்னு உள்ள இருக்கற என்சைம் சொந்த சவ்வயே கடிச்சு தின்னுடாம பாத்துக்குது. லாம்ப்2 ஜீன் கெட்டா டானன்னு ஒரு வியாதி, இதய தசை தடிச்சு போகும், எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால பசங்களுக்கு தான் முதல்ல, மோசமாவும் வரும். இது போக அமினோ ஆசிட், சர்க்கரை, இரும்பு, கால்சியம், கொழுப்புன்னு வெட்டி வந்த ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கதவு சவ்வுல இருக்கு. நம்ம கதை கொழுப்பு கதவு. (கொழுப்பு ஜாஸ்தின்னு திட்டு வாங்காதவங்க யாரு, ஆனா இந்த வியாதில செல்லு கொழுப்பு ஜாஸ்தியாவும் இருக்கும் பத்தாமலும் இருக்கும். அது எப்படின்னு வரேன்.)

ரத்தத்துல கொலஸ்ட்ரால் எல்.டி.எல்.ன்ற மூட்டைல வருது. செல்லு அத அப்படியே உள்ள இழுத்து லைசோசோமுக்கு அனுப்புது. மூட்டைக்குள்ள கொலஸ்ட்ரால் தனியா இருக்காது, ஒரு கொழுப்பு அமிலத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அத வெட்டி விடறது ஆசிட் லைப்பேஸ்ங்கற என்சைம். இந்த என்சைம் சுத்தமா இல்லன்னா வோல்மன் வியாதி, குழந்தை பெரும்பாலும் ஒரு வயசு தாண்டாது. அதுக்கு வெளியில இருந்து ஏத்தற என்சைம் 2015ல வந்துடுச்சு, பொழச்ச குழந்தைங்க இருக்காங்க. நீமன்-பிக் சி அதே ரோட்டுல அடுத்த ஸ்டாப். லைப்பேஸ் வெட்டி முடிச்சாச்சு, கொலஸ்ட்ரால் தனியா நிக்குது, வெளிய போகணும், போக முடியல.

ஏன் இதுக்கு ஒரு கதவு வேணும்னு கேக்கலாம். கொலஸ்ட்ரால் தண்ணில கரையாது, ரசத்துல விழுந்த எண்ணெய் மாதிரி தனியா தான் நிக்கும். லைசோசோம் உள்ள முழுக்க தண்ணி, சுவர்ல அந்த சர்க்கரை பூச்சு வேற, அது எட்டு நானோமீட்டர் கிட்ட தடிமன். அத தாண்டி கொலஸ்ட்ரால் தானா போய் சவ்வுல உக்காராது, யாராவது தூக்கிட்டு போகணும். தூக்கறவன் பேரு என்.பி.சி.2, சின்ன புரோட்டீன், 132 அமினோ ஆசிட் தான், சவ்வுல ஒட்டாம உள்ள நீந்திட்டு இருக்கும். வாங்கறவன் என்.பி.சி.1, 1,278 அமினோ ஆசிட், சவ்வ 13 தடவ துளைச்சு போய் வர ஆளு, அதோட ஒரு நுனி அந்த பூச்சுக்கு மேல கை நீட்டி நிக்கும்.

இவங்க ரெண்டு பேரும் கை மாத்தற விதம் தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம். கொலஸ்ட்ராலுக்கு ஒரு பக்கம் தலை, அதுல ஒரு ஹைட்ராக்சில், கொஞ்சம் தண்ணிய பிடிக்கும். இன்னொரு பக்கம் வால், முழு எண்ணெய். என்.பி.சி.2 வால் பக்கத்த தனக்குள்ள புதைச்சுகிட்டு தலைய வெளிய நீட்டிட்டு வரும். என்.பி.சி.1 தலை பக்கத்த உள்ள வாங்கி வால வெளிய விடும். நம்ம வீட்டுல ஒருத்தருக்கு கத்திய குடுக்கும்போது பிளேட நாம பிடிச்சுகிட்டு கைப்பிடிய அவங்க பக்கம் நீட்டுவோம்ல, அச்சு அசலா அதே. நடுவுல திருப்பி பிடிக்கற வேலையே இல்ல, கொலஸ்ட்ரால் ஒரு நொடி கூட தண்ணில நனையாம இந்த கைல இருந்து அந்த கைக்கு வழுக்கிட்டு போயிடும். பிரவுன், கோல்ட்ஸ்டைன் ரெண்டு பேரும், அதான் எல்.டி.எல். மூட்டைய செல்லு பிடிச்சு இழுக்கற ரிசப்டர கண்டுபிடிச்சு 1985ல நோபல் வாங்கினவங்க, அவங்க லேப்ல தான் 2008, 2009 வாக்குல இத பிரிச்சு காட்டினாங்க. ரெண்டுல எந்த புரோட்டீன் கெட்டாலும் வியாதி ஒண்ணு தான், ஆனா நூத்துக்கு 95 பேருக்கு கெட்டு போறது என்.பி.சி.1.

கைமாத்து நின்னு போனா என்ன ஆகும்? லைசோசோம்ல கொலஸ்ட்ரால் குவியுது. ஆனா செல்லுல கொலஸ்ட்ரால் இருக்கா இல்லயான்னு பாக்கற சென்சார் லைசோசோம்ல இல்ல, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல, அதாவது செல்லுக்குள்ள கொழுப்பும் புரோட்டீனும் தயாராகற இடத்துல இருக்கு. அங்க ஒண்ணும் வந்து சேரல. ரேஷன் கடைய நினைச்சுக்கங்க. குடோன்ல மூட்டை மூட்டையா அரிசி அடுக்கி புழு வெச்சுட்டு இருக்கு, குடோன் சாவி தொலைஞ்சு போச்சு, கடை வாசல்ல ஸ்டாக் இல்லன்னு போர்டு. ஆபீஸ்ல இருக்கறவர் கடை போர்ட மட்டும் பாத்துட்டு இன்னும் ரெண்டு லாரி அனுப்புன்னு ஆர்டர் போடறார், லாரி வந்து நேரா அதே குடோன்ல தான் இறக்குது. செல்லும் அப்படித்தான், கொலஸ்ட்ரால் பத்தலன்னு நினைச்சு சொந்தமாவும் தயாரிக்கும், வெளிய இருந்தும் எல்.டி.எல்.ல இன்னும் இழுத்து போடும். ரொம்பி வழியுது, அதே நேரம் பட்டினி. ரத்த டெஸ்ட் எடுத்தா கொலஸ்ட்ரால் பெரும்பாலும் சாதாரணமா தான் இருக்கும், அதனால அங்க ஒரு துப்பும் கிடைக்காது.

இதுக்கு நீமன்-பிக்னு பேர் வந்ததே ஒரு குழப்பம் தான். ஆல்பர்ட் நீமன் பெர்லின்ல குழந்தை டாக்டர், 1914ல ஈரலும் மண்ணீரலும் வீங்கி செத்த ஒரு குழந்தைய பத்தி எழுதினார், லுட்விக் பிக் 1920கள்ல அத தனி வியாதின்னு பிரிச்சார் (யூதர்ங்கறதால நாஜிங்க பிடிச்சுட்டு போய் 1944ல தெரேசியன்ஸ்டாட் முகாம்ல இறந்து போனார்). 1961ல ஆலன் க்ராக்கர் இத ஏ, பி, சி, டின்னு நாலா பிரிச்சார். ஏயும் பியும் ஸ்பிங்கோமயலினேஸ்ங்கற என்சைம் இல்லாததுன்னு 1966ல தெரிஞ்சுடுச்சு. சி, டில அந்த என்சைம் லேசா குறைஞ்சா மாதிரி இருக்கும், ஆனா இல்லாம போகல. எல்லாரும் என்சைம துரத்திட்டு இருந்தப்போ அமெரிக்காவுல என்.ஐ.ஹெச்.ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல பீட்டர் பென்செவ் ஒரு எலி கூட்டத்துல தானா வந்த இதே மாதிரி வியாதிய பாத்துட்டு, அட இதுங்க செல்லு கொலஸ்ட்ரால கையாளறதுல தானே கோளாறுன்னு 1980கள்ல பிடிச்சார். மனுஷ செல்லுலயும் அதே. டைப் டின்னு சொன்னது கனடாவுல நோவா ஸ்கோஷியாவுல பிரெஞ்சு வம்சாவளி குடும்பங்க கிட்ட மட்டும் இருந்தது, கடைசில அதுவும் என்.பி.சி.1 தான்னு தெரிஞ்சு சியோட சேத்துட்டாங்க. ஏ, பிக்கும் சிக்கும் பேர் தான் பொது, அண்ணன் தம்பி கூட இல்ல.

ஜீன் கிடைச்சதுக்கு பின்னாடி ஒரு ஃபுட்பால் கோச் இருக்கார். ஆரா பார்ஸேகியன், நோட்டர் டேம் யுனிவர்சிட்டி டீம்க்கு கோச்சா இருந்தவர், அமெரிக்கால பெரிய பேரு. அவரோட பேரக்குழந்தைங்கள்ல மூணு பேருக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சதும் 1994ல குடும்பமே சேந்து ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சு ஆராய்ச்சிக்கு பணம் திரட்டினாங்க. 1997ல 18வது குரோமோசோம்ல என்.பி.சி.1 ஜீன் கிடைச்சுது, 2000ல 14வதுல என்.பி.சி.2. அந்த மூணு பேரும் அதே வியாதில போயிட்டாங்க, ஜீன் கிடைச்சதும் மருந்து வந்துடும்னு நினைக்கறது எவ்வளவு தப்புன்னு இதவிட கசப்பா யாரும் சொல்ல முடியாது.

வியாதி வெளிய தெரியற விதம் ரொம்ப அலைக்கழிக்கும். பொறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வாரக்கணக்குல இழுக்கும், அப்புறம் தானா சரியாகிடும், மண்ணீரல் வீங்கி இருக்கும், அத பெருசா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. வருஷக்கணக்குல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஸ்கூல்ல கையெழுத்து கோணலாகும், நடக்கும்போது தடுமாறும், படி இறங்க பயப்படும். படி ஏன்னா கண்ணு கீழ இறங்காது. டாக்டர் விரல காட்டி, தலைய ஆட்டாம கண்ண மட்டும் இறக்கி பாருன்னு சொல்லுவார், புள்ள கண்ண சிமிட்டும், தலைய வெடுக்குன்னு குனியும், கண்ணு மட்டும் நடுவுலயே நிக்கும். ஆனா டாக்டரே தலைய பிடிச்சு மெதுவா மேல தூக்கினா கண்ணு தன்னால கீழ இறங்கும். அப்ப கண்ணு தசையும் நரம்பும் நல்லா தான் இருக்கு, மேல மூளைல இருந்து ஆர்டர் வர வழி தான் கெட்டிருக்குன்னு அர்த்தம். சில பசங்க ஜோக் கேட்டு சிரிச்சா கை கால் துவண்டு அப்படியே விழுந்துடுவாங்க, வலிப்புன்னு நினைச்சு மாத்திரை குடுத்த கதை நிறைய. பெரியவங்களுக்கு வந்தா முதல்ல மனநோய் மாதிரி காட்டும், வருஷக்கணக்குல அந்த வைத்தியமே நடக்கும்.

மூளைய ஏன் இப்படி அடிக்குதுன்னா, எல்.டி.எல். மூட்டை ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகவே போகாது, மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரால தானே செஞ்சுக்கும், உள்ளயே ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு குடுத்துக்கும். உடம்பு எடைல மூளை 2 சதவீதம் தான், ஆனா உடம்போட கொலஸ்ட்ரால்ல கால்வாசி கிட்ட அங்க இருக்கு. அந்த பரிமாற்றமும் லைசோசோம் வழியா தான். சிறுமூளைல இருக்கற பர்கிஞ்சி செல்லுங்க முதல்ல சாகுது, அதான் தடுமாட்டம். இதனால சாப்பாட்டுல எண்ணெய், முட்டைய நிறுத்தறதோ வழக்கமான கொலஸ்ட்ரால் மாத்திரையோ இந்த மூளை பிரச்சனைக்கு உதவாது. இங்க ஒரு கிளைக்கதை, குடல்ல கொலஸ்ட்ரால உறிஞ்சற புரோட்டீன் இதே என்.பி.சி.1க்கு ஒண்ணுவிட்ட தம்பி, பேரு என்.பி.சி.1 லைக் 1, நம்ம வீட்டு பெரியவங்க ஸ்டாட்டினோட சேத்து போடற எசெட்டிமைப் மாத்திரை அடைக்கறது அந்த கதவ தான். இன்னொண்ணு, எபோலா வைரஸ் செல்லுக்குள்ள நுழையணும்னா என்.பி.சி.1ஐ பிடிச்சா தான் முடியும்னு 2011ல கண்டுபிடிச்சாங்க, இந்த நோயாளிங்களோட செல்ல லேப்ல வெச்சு எபோலாவ விட்டா அதால நுழைய முடியல. நமக்கு வெளிய போற கதவு, அதுக்கு உள்ள வர கதவு.

லட்சம் பிரசவத்துக்கு ஒண்ணு கணக்குல வர வியாதி. அப்பா அம்மா ரெண்டு பேர் கிட்டயும் ஒவ்வொரு கெட்ட காப்பி இருக்கணும், அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. நம்ம ஊர்ல அத்தை பையன், மாமன் பொண்ணு, தாய்மாமனுக்கே கட்டி வெக்கறதுன்னு இருக்கறதால ஒரே கெட்ட காப்பி ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடும், அவ்வளவு தான். யாரையும் குத்தம் சொல்ல இல்ல, முதல் குழந்தைக்கு இருந்தா அடுத்த குழந்தைக்கு முன்னாடி ஜீன் டெஸ்ட் பண்ணிக்கறது நல்லதுன்னு சொல்றேன். முன்னாடி கண்டுபிடிக்கவே தோல் துண்டு எடுத்து வாரக்கணக்குல செல் வளத்து, ஃபிலிப்பின்னு ஒரு சாயம் போட்டு பாக்கணும். அந்த சாயம் பிலிப்பைன்ஸ் மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர் தந்தது, கொலஸ்ட்ரால்ல ஒட்டிக்கும், அல்ட்ரா வயலெட் வெளிச்சத்துல பாத்தா நல்ல செல்லு மங்கலா இருக்கும், நோயாளி செல்லுல உட்கருவ சுத்தி நீல நீலமா பொட்டு பொட்டா மின்னும். இப்ப ரத்தத்துல ஆக்ஸிஸ்டெரால் (கொலஸ்ட்ரால் மாறி வர ஒரு பொருள்) மாதிரி சிலத அளந்துட்டு நேரா ஜீனுக்கு போயிடறாங்க.

சரி வைத்தியம். இங்க தான் கதவு வியாதிக்கும் என்சைம் வியாதிக்கும் வித்தியாசம் முகத்துல அறையும். 1968ல எலிசபெத் நியூஃபெல்ட் லேப்ல ரெண்டு வேற வேற லைசோசோம் வியாதி உள்ளவங்க செல்ல ஒரே தட்டுல வளத்தாங்க, ரெண்டுமே சரியாகிடுச்சு, ஏன்னா செல்லு வெளிய விடற என்சைம பக்கத்து செல்லு உறிஞ்சி லைசோசோமுக்கு அனுப்பிக்கும். டிரிப்ஸ்ல என்சைம் ஏத்தற வைத்தியம் எல்லாம் இந்த ஒரு குணத்த நம்பி தான் (அதுவும் மூளைக்குள்ள போகாதுங்கறது தனி சோகம்). என்.பி.சி.2 அப்படி நீந்தற சாதி, லேப்ல வெளிய ஊத்தினா செல்லு எடுத்துக்கும். என்.பி.சி.1 சவ்வுல தைச்ச கதவு. சவ்வுல இருந்து பிரிச்சு எடுத்து தண்ணில விட்டா கட்டி கட்டியா போயிடும், ஊசில ஏத்த முடியாது, பக்கத்து செல்லு கடன் குடுக்கவும் முடியாது.

கதவு வியாதி எல்லாமே இப்படி கைய விரிச்சுடும்னும் இல்ல. சிஸ்டினோசிஸ்னு ஒரு வியாதில சிஸ்டின்ங்கற அமினோ ஆசிட் வெளிய போற கதவு இல்ல, கிட்னி போகும், கண்ணுல படிகம் படியும். அதுக்கு சிஸ்டியமின்னு ஒரு மருந்து, லைசோசோமுக்குள்ள போய் சிஸ்டின பிச்சு அதுல பாதியோட தான் ஒட்டிக்கும், அந்த ஜோடி பாக்க லைசின்ங்கற இன்னொரு அமினோ ஆசிட் மாதிரி இருக்கறதால லைசின் கதவு ஏமாந்து வெளிய விட்டுடும். அழுகின முட்டை நாத்தம் வாயில அடிக்கும், பசங்க சாப்பிட அழுவாங்க, ஆனா வேலை செய்யுது.

கொலஸ்ட்ராலுக்கு அப்படி ஒரு பின்வாசல் தேடினதுல தற்செயலா ஒண்ணு மாட்டுச்சு. 2004ல நோய் உள்ள எலிங்களுக்கு அலோபிரெக்னனலோன்னு ஒரு ஸ்டீராய்ட ஊசி போட்டாங்க, எலிங்க எதிர்பார்த்தத விட ரொம்ப நாள் இருந்துச்சு. எல்லாரும் ஸ்டீராய்ட கொண்டாடிட்டு இருந்தப்போ, அத கரைக்க கலந்த சைக்ளோடெக்ஸ்ட்ரின மட்டும் போட்டு பாத்தா அதுவே வேலை பாத்திருக்கு! சைக்ளோடெக்ஸ்ட்ரின்னா ஸ்டார்ச்ல இருந்து செய்யற சர்க்கரை வளையம், வெளிப்பக்கம் தண்ணிக்கு, உள்பக்கம் எண்ணெய்க்கு. ரூம் வாடை போக அடிக்கற ஸ்ப்ரேல கூட போடற சரக்கு. கொலஸ்ட்ரால தூக்கி லைசோசோம்ல இருந்து வெளிய விடுது. ஆனா அது மூளைக்குள்ள சரியா போகாது, அதனால மனுஷங்களுக்கு முதுகுத்தண்டுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஊசி. காதுல சத்தத்த பிடிக்கற செல்லுங்கள அது கொன்னுடுது, காது கேக்காம போகும். முதல் கட்டத்துல நம்பிக்கை குடுத்தது பெரிய ட்ரையல்ல போலி சிகிச்சையோட ஒப்பிட்டப்போ எதிர்பார்த்த வித்தியாசத்த காட்டல.

மிக்லுஸ்டாட் ஐரோப்பால 2009ல இந்த வியாதிக்கு வந்துச்சு, அது கொலஸ்ட்ரால தொடாது, கூடவே குவியற வேற கொழுப்ப செய்யற என்சைம அடக்கும், வயித்துப்போக்கு தான் பெரிய தொல்லை. அமெரிக்காவுல 2024 செப்டம்பர்ல ஒரே வாரத்துல ரெண்டு மருந்துக்கு அனுமதி. ஒண்ணு லெவாசெட்டில்லூசின், இதோட அண்ணன் மருந்து பிரான்ஸ்ல 1957ல இருந்து தலைசுத்தலுக்கு குடுக்கறது, தடுமாட்டத்த கொஞ்சம் குறைக்குது. இன்னொண்ணு அரிமோக்லோமோல், மிக்லுஸ்டாட்டோட சேத்து. புரோட்டீன மடிச்சு விடற உதவியாளர்கள செல்லுல கூட்டி விடறது தான் அதோட ஐடியா. அதுல ஒரு நியாயம் இருக்கு, ஏன்னா ரொம்ப பரவலா இருக்கற ஒரு கோளாறுல 1,061வது இடத்துல ஒரே ஒரு அமினோ ஆசிட் மாறி இருக்கும், அந்த கதவ லைசோசோம் வரைக்கும் கொண்டு சேத்துட்டா ஓரளவு வேலை செய்யும், ஆனா மடிப்பு சரியில்லன்னு செல்லோட குவாலிட்டி செக்கிங்லயே பிடிச்சு உடைச்சு போட்டுடும்.

அடுத்து ஜீன் தெரபி. நல்ல ஜீன செல்லுக்குள்ள சுமந்துட்டு போற ஏ.ஏ.வி.ங்கற வைரஸ்ல சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்து தான் ஏத்த முடியும், என்.பி.சி.1 மட்டுமே 3,800 எழுத்துக்கு மேல, ஸ்டார்ட் பண்ற ஸ்விட்ச்சயும் அதுக்குள்ளயே திணிக்கணும். திணிச்சு எலிக்கு குடுத்ததுல நல்லாவே ஆயுள் கூடுச்சு. மனுஷ மூளைல கணக்கு வேற. என்சைமா இருந்தா நூறு செல்லுல பத்து செல்லுக்கு ஜீன் போய் சேந்தாலும் அதுங்க மத்ததுக்கு ஊட்டி விடும். இங்க வைரஸ் போகாத பர்கிஞ்சி செல்லுக்கு கதவு வராது, பக்கத்துல இருக்கறது திறந்தே கிடந்தாலும்.